வலது காது

டோல்கேட் தாண்டி சர்வீஸ் ரோட்டில்
பஞ்சர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே
கிடக்கிறது ஒரு கருங்கல் பலகை.
கப்பலேறியிருக்க வேண்டியது, ஓரத்தில் வெடிப்பு.
சனிக்கிழமை இரவு பத்தேகாலுக்கு
அதன்மேல்தான் எங்கள் சபை.

"இந்த வாரம் என்னா ஓடுது?"
எங்களுக்குள் அதுதான் வணக்கம்.
சாப்பிட்டாச்சா என்று
யாரும் யாரையும் கேட்டதில்லை.

பவுலின் எட்டாம் நம்பர் சாவடியில் உட்கார்ந்து
ஃபாஸ்டேக் படியாத வண்டிகளின் வசவையெல்லாம்
சில்லறையோடு எண்ணி வாங்குகிறவள்.
அவளுக்கு நாற்பத்தொரு நிமிடமும் ஒரே சுருதி.
நார்வேக்காரர் ஒருவர் துருத்தியை மிதித்து
ஒற்றைக் கட்டையை அழுத்திக்கொண்டே இருக்கிறாராம்.
"இருபதாவது நிமிஷத்துல இருமுவாரு.
அதை வெட்டாம விட்டிருக்காங்க.
அந்த இருமலுக்காகவே ரெண்டாம் தடவ கேட்டேன்."

நஸீமாவுக்கு வெறும் டிரம்ஸ்.
ஏழாகப் போய்ப் பதினொன்றாகத் திரும்பும் அடி.
கல்லாவில் நின்று அதை எண்ணியபடியே
அட்டையை நறுக்கியதில் ஒரு சர்க்கரை நோயாளிக்கு
பத்துக்குப் பதினொரு மாத்திரை போயிருக்கிறது.

நான் மாம்பழக்கூழ் ஆலையில் இனிப்பளவு பார்ப்பவன்.
கண்ணாடி உடைவதை நூறு மடங்கு மெதுவாக்கிய
ஒரு ஆல்பத்தைப் பெருமையோடு நீட்டினேன்.
"தலவலி" என்றாள் நஸீமா.
மருந்துக்கடைக்காரி சொன்னபின் அப்பீல் ஏது?

திம்மராயன் கடைசியாகத்தான் வாயைத் திறப்பார்.
பதினாறு வருஷம் கல்லறுக்கும் ரம்பத்தோடு இருந்தவர்.
"ரெண்டு பேரு. ஒருத்தன் பியானோ.
ஒரு கட்டையத் தட்டறான். நிறுத்திடறான்.
அப்பறம் ஒண்ணுமே இல்ல.
ஆளு எழுந்து போயிட்டானான்னு தோணும்.
அப்பறம் இன்னொரு தட்டு.
இவ்ளோ தைரியமா சும்மா இருக்கறவன
நான் கேட்டதே இல்லப்பா."

இறக்கிக்கொண்டோம். அந்த வாரம் முழுக்கத் தேடினோம்.
சும்மா என்ற ஒன்று அதில் எங்குமே இல்லை.
ஒரு வயலின் மூச்சுவிடாமல் கீறிக்கொண்டிருந்தது,
தகரத்தில் ஆணி இழுப்பதுபோல.
திங்கள் நள்ளிரவு பவுலின் போன் செய்தாள்:
"நாம தப்பா வேற ஏதோ எறக்கிட்டமா?"
செவ்வாய் காலை நஸீமா சொன்னாள்,
போன பங்குனியில் அவர் கொண்டுவந்த சீட்டைப் பற்றி.
இடது காது. சொட்டு மருந்துகூட எழுதியிருக்கவில்லை.
வயலின் மொத்தமும் இடது பக்கம்.

புதன்கிழமை, தோத்தாபுரி லாரிகள் வரிசைகட்டிய ஷிப்டில்,
தொட்டிக்குப் பக்கத்தில் நின்று
இடது காதுக் குமிழைக் கழற்றிவிட்டேன்.
ஒரு தட்டு.
பிறகு கூழ் கொப்புளிக்கும் சத்தம்,
பாய்லர், யாரோ பேர் சொல்லி யாரையோ கூப்பிடுவது,
அதுவும் அடங்கி
வெகுநேரம் கழித்து, நான் மறந்தேவிட்ட பிறகு,
இன்னொரு தட்டு.
எடைச்சீட்டு கையெழுத்தில்லாமல் கையிலேயே இருந்தது.

சனிக்கிழமை.
"கேட்டீங்களா?" என்றார்.
நான் டீயைப் பார்த்தேன், நஸீமா ரோட்டைப் பார்த்தாள்.
பவுலினுக்கு மறைக்கத் தெரியாது.
"ண்ணா, அதுல வயலின் இருக்குண்ணா."
"எங்க?"
"இந்தப் பக்கம்."

அவர் ஒயரைப் பிரித்து, குமிழை மாற்றி
இடதை எடுத்து வலக்காதில் வைத்தார்.
ஓசூரிலிருந்து வந்த கன்டெய்னர்கள் ஏழு போயின.
டீயில் ஏடு படிந்தது.
முகத்தில் ஒன்றும் தெரியவில்லை,
கால் கட்டைவிரல் மட்டும் செருப்பை
மேலும் கீழுமாக நிமிண்டிக்கொண்டிருந்தது.

கழற்றினார்.
"நல்லாத்தான் இழைக்கிறான்" என்றார்.
"ஆனா பாவம், அந்தாள
சும்மா இருக்க உடமாட்டேங்கறான் பாரு."

பிறகு பழைய குமிழையே
பழைய காதில் செருகிக்கொண்டு
தொங்கிய மற்றதை என் பக்கம் நகர்த்தினார்.
நான் வாங்கி
மடியில் வைத்துக்கொண்டேன்.